எழுத்துருவில் அடைபட்ட நூல்: அச்சை வாசிக்க இயலாதோரும் தமிழ்ப் பதிப்பும் – மதுரையை முன்வைத்து

1. கேள்வி

'தமிழ்' என்ற சொல்லைப் பாமினி எழுத்துருவில் அடித்து, அந்தக் கோப்பைத் திரைவாசிப்பான் மென்பொருளிடம் கொடுத்து எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால், 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று படிக்கும். திரையைப் பார்ப்பவருக்கு அங்கே 'தமிழ்' என்றுதான் தெரியும். ழகரத்தின் வளைவும் அதன் தலையில் வைத்த புள்ளியும் குறைவில்லாமல் இருக்கும். கணினிக்குள் பதிந்திருப்பதோ நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. பார்க்கிறவருக்குத் தமிழாகவும் கேட்கிறவருக்கு வெறும் ஓசையாகவும் இருக்கும் இப்படிப்பட்ட கோப்புகளைக் கொண்டே பல்லாண்டுகளாகத் தமிழ் நூல்கள் அச்சாகி வந்திருக்கின்றன.

ஈயம் வார்த்த எழுத்துகளைக் கோத்த காலம் போய், தமிழ்ப் பதிப்பு கணினிக்கு மாறி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. இன்று எந்த நூலும் தாளில் ஏறுவதற்கு முன் மின்கோப்பாகவே பிறக்கிறது. பேசும் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. இருந்தும், கண்ணால் வாசிக்க முடியாத ஒருவர் சென்ற மாதம் வெளிவந்த தமிழ் நாவலை வாங்கிப் படிக்க வழி இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு வழக்கமாக மூன்று விடைகள் கிடைக்கும். பிரெயில் அச்சுக்குப் பணம் இல்லை என்பது ஒன்று. தமிழுக்குப் போதிய குரல் தொழில்நுட்பம் வளரவில்லை என்பது இன்னொன்று. பதிப்புரிமை குறுக்கே நிற்கிறது என்பது மூன்றாவது. மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவை மூன்றும் நூல் அச்சாகி வெளிவந்த பிறகு நடப்பதைப் பற்றியவை. பூட்டு அதற்கு முன்பே, கணினியில் பக்கம் கோக்கும் டி.டி.பி. மேசையிலேயே விழுந்துவிடுகிறது என்பதை மதுரையோடு தொடர்புடைய சில சான்றுகளைக் கொண்டு இங்கே காட்ட முயல்கிறேன்.

2. யார் இந்த வாசகர்?

ஆங்கிலத்தில் 'பிரின்ட் டிஸெபிலிட்டி' என்று சொல்லப்படுவதைத் தமிழில் 'பார்வையற்றோர்' என்று சுருக்கிவிடுகிறோம். அந்தச் சுருக்கம் பொருளையும் குறுக்கிவிடுகிறது. இவர்களுக்கு நூல்களை எட்டச் செய்வதற்காக 2013-இல் உருவான பன்னாட்டு மராகேஷ் உடன்படிக்கை மூன்று வகையினரைக் குறிப்பிடுகிறது: பார்வை இல்லாதவர், கண் இருந்தும் எழுத்தைச் சரிவர உணர்ந்து வாசிக்க முடியாத பார்வைக் குறைபாடோ வாசிப்புக் குறைபாடோ உள்ளவர், கையால் நூலைப் பிடிக்கவோ தாளைப் புரட்டவோ கண்ணை நிலைநிறுத்தி வாசிக்கவோ முடியாதவர். டிஸ்லெக்சியா உள்ள பள்ளிச் சிறுமியும், பக்கவாதத்தில் கை விழுந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் இந்த வரையறைக்குள் வருகிறார்கள். 'அச்சை வாசிக்க இயலாதோர்' என்ற தொடரை இக்கட்டுரை அந்த விரிந்த பொருளில்தான் கையாளுகிறது.

எண்ணிக்கை எவ்வளவு? இங்கே சான்றுகளைக் கவனமாகக் கையாள வேண்டும். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 1.06 கோடி என்றது. 2011 கணக்கெடுப்பில் அது 50.3 லட்சமாகிவிட்டது. பத்தே ஆண்டுகளில் பாதிப்பேருக்குக் கண் தெரிந்துவிடவில்லை. யாரை எண்ணுவது என்ற வரையறைதான் மாறியது. இந்த இரண்டு கணக்கிலும் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனி இடமே கிடையாது. 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 ஆக்கியபோதுதான் அவர்கள் பட்டியலுக்குள் வந்தார்கள். ஆகவே கையில் உள்ள எந்த எண்ணும் உண்மையான அளவுக்குக் குறைவாகவே இருக்கும் என்று கொள்வதே சரி.

மதுரையில் இதைப் பேசும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண் என்றாலே இந்த ஊருக்கு அரவிந்த் மருத்துவமனை நினைவுக்கு வரும். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. கண்புரையால் வீட்டு மூலையில் முடங்கிக் கிடந்த கிராமத்து முதியவர்கள் லட்சக்கணக்கில் இங்கே பார்வை பெற்றுத் திரும்பியிருக்கிறார்கள். அந்தப் பெருஞ்சாதனையின் பக்கவிளைவாக ஒரு மனப்போக்கும் வளர்ந்திருக்கிறது. பார்வைக் குறைபாடு என்றால் 'சரி செய்துவிடலாம்' என்ற எண்ணமே நமக்கு முதலில் எழுகிறது. கண்நீர் அழுத்தத்தாலோ விழித்திரைக் கேட்டாலோ போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. மருத்துவம் தன்னால் ஆனதைச் செய்து முடித்த பிறகும் அந்த மனிதர் வாசகராகவே இருக்கிறார். அவருக்கு நூல் வேண்டும். மருந்துச் சீட்டும் வங்கிப் படிவமும் தேர்வு அறிவிக்கையும் வேண்டும். டாக்டர் வெங்கடசாமியின் விரல்கள் இளவயதிலேயே முடக்குவாதத்தால் கோணிப்போனவை என்பதும், அந்த விரல்களை அறுவைக் கத்தியைப் பிடிக்க அவரே பழக்கிக்கொண்டார் என்பதும் ஊரறிந்த செய்தி. கருவிக்கு ஏற்றபடி கையைப் பழக்கிக்கொள்ள ஒருவருக்கு வாய்ப்பு இருந்தது. நூலைத் தனக்கேற்றபடி மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு நம் வாசகருக்கு இருக்கிறதா?

3. விரல்வழித் தமிழ்

பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், பிறரைத் தம் முதுகில் விரலால் எழுதச் சொல்லி எழுத்துகளைக் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நிகழ்ந்ததா என்று உறுதிசெய்ய வழியில்லை. ஆனாலும் எழுத்து என்பது கண்ணுக்கு மட்டும் உரியதில்லை, தோலுக்கும் எட்டும் என்ற அறிவு இம்மண்ணில் இருந்ததை அந்தச் செய்தி காட்டுகிறது.

நவீனக் கல்வியின் தொடக்கம் மதுரைக்குத் தெற்கே, பாளையங்கோட்டையில். ஆனி ஜேன் ஆஸ்க்வித் என்ற மிஷனரிப் பெண்மணி 1890-இல் அங்கே பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழைய பார்வையற்றோர் பள்ளிகளில் அது ஒன்று. அக்காலத்தில் நாடு முழுவதற்குமான பிரெயில் முறை எதுவும் கிடையாது. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆசிரியர்கள் தத்தம் மொழிக்கு ஏற்றபடி ஆறு புள்ளிகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரு பள்ளியில் ஒரு மெய்யெழுத்தைக் குறித்த புள்ளிகள் அடுத்த பள்ளியில் வேறு எழுத்தாகிவிடும். ஓரிடத்தில் அச்சான நூல் இன்னோரிடத்தில் பயன்படாது. இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டும்படி இந்தியா யுனெஸ்கோவை அணுகியது. 1951-இல் பெய்ரூட்டில் கூடிய கூட்டத்தை ஒட்டி, இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் உருவானது. இந்தியில் 'க'வுக்கும் தமிழில் 'க'வுக்கும் இன்று ஒரே வடிவம்தான்.

இந்த முறை எப்படி இயங்குகிறது என்பதை 'மதுரை' என்ற சொல்லைக் கொண்டே பார்க்கலாம். அச்சில் மூன்று எழுத்துகள். பிரெயிலில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டத்தில் ம: ஒன்று, மூன்று, நான்காம் புள்ளிகள். அடுத்துத் த; அதை ஒட்டி உ. பிறகு ர, அதை ஒட்டி ஐ. அச்சில் 'ரை' எழுதும்போது ஐகாரக் குறி ரகரத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. நாவில் ரகரம்தான் முதலில் பிறக்கிறது. பிரெயில் நாவின் வரிசையில் எழுதுகிறது. 247 எழுத்து என்று மலைக்க வேண்டியதே இல்லை. உயிரும் மெய்யும் தெரிந்தால் உயிர்மெய் எல்லாம் அவற்றின் கூட்டுதான். தொல்காப்பியம் தொட்டு நாம் படிக்கும் எழுத்திலக்கணம் விரல்நுனியில் அப்படியே கிடக்கிறது. புள்ளி ஒன்றில் மட்டும் வேறுபாடு. அச்சில் மெய்யின் தலைமேல் வைக்கும் புள்ளி, பிரெயிலில் தனிக் கட்டமாக அந்த மெய்யெழுத்துக்கு முன்னால் வருகிறது. 'அம்மா' என்றால் அ, புள்ளிக்குறி, ம, ம, ஆ என ஐந்து.

அழகான முறைதான். ஆனால் இடத்தை விழுங்கும் முறையும் கூட. மூன்றெழுத்துச் சொல் ஐந்து கட்டமாகிறது. ஒவ்வொரு கட்டமும் விரல்நுனி உணரும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். தடித்த தாள் வேண்டும். அடுக்கி அழுத்தினால் புள்ளி மழுங்கும். ஆங்கிலப் பிரெயிலில் சுருக்கக் குறிகள் இருப்பதால் இடம் மிச்சமாகிறது; தமிழில் அவை பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. கையடக்க நாவல் பிரெயிலில் பல தொகுதிகளாகப் பெருகி ஓர் அலமாரித் தட்டையே அடைத்துக்கொள்கிறது. 'பிரெயிலுக்குச் செலவு அதிகம்' என்ற வாதத்தின் அடிப்படை இதுவே. அதை மறுப்பதற்கில்லை.

அந்தச் செலவைத் தலையில் ஏற்றுக்கொண்டவர்களும் மதுரையில் உண்டு. பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம், நகரை ஒட்டிய சுந்தரராஜன்பட்டியில் இயங்குகிறது. பள்ளி, விடுதி, தொழிற்பயிற்சி, பிரெயில் அச்சு என்று அதன் பணிகள் விரிந்தன. பார்வையுள்ளவர்கள் இரங்கிச் செய்து கொடுத்த அமைப்பு என்று இதைச் சொல்ல முடியாது. தேவையை அறிந்தவரே எழுப்பியது. தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் கல்லூரிக்கும் அரசு வேலைக்கும் போனதில் இத்தகைய நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயினும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரெயில் அச்சகம் பாடநூலைத் தாண்டி எத்தனை நூலைத்தான் எட்ட முடியும்? வெளிவரும் ஒவ்வொரு நூலையும் யாரோ மறுபடி தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, புள்ளியாக மாற்ற வேண்டியிருக்கிறது. பதிப்பகத்தில் ஏற்கெனவே ஒருமுறை நடந்த வேலையை இங்கே மறுபடி முதலிலிருந்து செய்கிறார்கள். பணத்தையும் உழைப்பையும் உண்மையில் விழுங்குவது இந்த இரட்டை வேலைதான்.

4. மதுரை என்ற பெயரில் ஒரு மின்னூலகம்

1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசானில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று அதைத் தொடங்கினார். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்பதால் இந்தப் பெயர். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் இன்றித் தட்டச்சு செய்து, ஒருவர் அடித்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்து, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். பார்வையற்றோருக்கென்று தொடங்கிய திட்டம் அன்று. ஆனால் பக்கத்தின் படத்தை ஏற்றாமல் எழுத்தையே ஏற்றியதால், நாளடைவில் அச்சை வாசிக்க இயலாதோருக்குத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதியைத் திறந்துவிட்டது இதுவே. இது நடந்த விதத்தைக் கவனித்தால் நம் கேள்விக்கு விடை தெரியும்.

தொண்ணூறுகளில் கணினித் தமிழின் நிலை, 1951-க்கு முந்தைய பிரெயிலின் நிலையை ஒத்திருந்தது. எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தார்கள். ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களைத் தம் விருப்பப்படி குடியமர்த்தினார்கள். பாமினியில் 'த' இருக்கும் இடத்தில் வேறோர் எழுத்துருவில் வேறெதுவோ இருக்கும். இதைப் பொதுமைப்படுத்த இணையவழி ஆர்வலர்கள் திஸ்கியை வகுத்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் பொதுவான உலகக் குறியீடான யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால் அந்த ஒதுக்கீடு தமிழின் இயல்புக்கு ஏற்றதா, ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் வேண்டாமா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், உயிர்மெய்கள் அனைத்துக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 முறையையும் தரமாக ஏற்று ஆணையிட்டது.

அந்த விவாதத்தின் இலக்கணப் பக்கத்துக்குள் நான் போகவில்லை. அச்சை வாசிக்க இயலாதவரின் பக்கம் நின்று பார்த்தால் தீர்ப்பு தெளிவு. உலகம் முழுவதும் எல்லாக் கருவிகளும் அறிந்த ஒரே குறியீடு எதுவோ அதுவே அவருக்கு நூலைத் திறக்கும். 2006-இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானும், ஆண்ட்ராய்டு பேசியில் உள்ள டாக்பேக்கும் யூனிகோடு தமிழைத்தான் தமிழாக அறியும். மதுரைத் திட்டம் தொடக்கத்தில் திஸ்கியில் இருந்த நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. அதன் பிறகுதான் அந்த நூல்களுக்குக் குரல் கிடைத்தது. இன்னொரு நன்மையும் உண்டு. யூனிகோடும் 'ரை'யை ரகரம் முதலாகவும் ஐகாரக் குறி அடுத்ததாகவும் பேச்சின் வரிசையில்தான் பதிகிறது. ஆகவே யூனிகோடுக் கோப்பை மென்பொருளே பிரெயிலாக மாற்றிவிடும். மறுபடி யாரும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

கண்ணுக்கு எழுத்தின் உருவம் தெரிந்தால் போதும்; உள்ளே என்ன குறியீடு இருக்கிறது என்று அது கேட்பதில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுக் குறியீட்டுக் குழப்பம் பார்வையுள்ள வாசகரை உறுத்தவே இல்லை. அச்சிட்ட தாளில் எல்லா எழுத்துருவும் தமிழாகவே தெரிந்தது. அந்தக் குழப்பத்தின் முழுச் சுமையையும் சுமந்தவர்கள் கேட்டு வாசிப்பவர்களும் தொட்டு வாசிப்பவர்களும்தான். பதிப்பகங்களில் நெடுங்காலம் கோலோச்சிய பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் யூனிகோடை அறியாது. இன்று அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன் யூனிகோடு தமிழைச் சரியாகவே கோக்கிறது. ஆனாலும் பழகிய எழுத்துருவின் அழகு, பழகிய கையின் வேகம், பழைய கோப்புகளின் இருப்பு எல்லாம் சேர்ந்து மாற்றத்தைத் தள்ளிப்போடுகின்றன.

மதுரைத் திட்டத்துக்கும் எல்லை உண்டு. பதிப்புரிமைக் காலம் முடிந்தவையும் உரியவர் அனுமதி தந்தவையுமே அங்கே பெரும்பாலும் இருக்கின்றன. சங்கப் பாடலைக் கேட்க முடிகிற வாசகரால், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கையில் வைத்திருக்கும் புதுச் சிறுகதைத் தொகுப்பைக் கேட்க முடிவதில்லை.

5. படமாகிப்போன பக்கங்கள்

எழுத்துருவை அடுத்த தடை, பக்கத்தைப் படமாக்குவது. பழைய நூல்களை வருடிப் பி.டி.எஃப். ஆக ஏற்றும் பணி தமிழில் சிறப்பாக நடந்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆய்வாளர்களுக்கு ஒரு களஞ்சியம். ஆனால் வருடிய பக்கம் ஒரு நிழற்படம். திரைவாசிப்பானுக்கு அதில் ஓர் எழுத்தும் கிடையாது. கையொப்பமிட்டு வருடி ஏற்றப்படும் அரசாணைக்கும் தேர்வு அறிவிக்கைக்கும் இதே கதிதான். கணினியில் எழுத்தாகப் பிறந்த ஆவணத்தைத் தாளில் எடுத்து, மறுபடி படமாக்கி, வாசிக்க முடியாததாகச் செய்து வெளியிடுகிறோம். அதில் பாதிக்கப்படுபவர் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய இளைஞராகவே இருக்கக்கூடும்.

படத்திலிருந்து எழுத்தை மீட்கும் ஓ.சி.ஆர். நுட்பம் வெகுவாக முன்னேறியிருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட 2000-க்கும் மேற்பட்ட நூல்கள் இவ்வழியாகத் தமிழ் விக்கிமூலத்தில் எழுத்தாகியிருக்கின்றன. தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து வருகிறார்கள். ஆனால் தமிழில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ரகரமும் துணைக்காலும் உருவத்தில் ஏறக்குறைய ஒன்று. 'காலம்' என்பது 'கரலம்' என்று பதிவாகிவிட்டால் கண் அதைக் கவனிக்காமல் தாண்டிப்போகும். காது தடுக்கி நிற்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். 'பரிசு' என்பதில் ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் உட்கார்ந்து 'பாிசு' என்று இருக்கும். இந்த வரியை அச்சில் வாசிப்பவர் இரண்டையும் ஒன்றாகவே காண்பார். உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு எளிதில் புலப்படாது. திரைவாசிப்பானோ இரண்டாவதைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளாமல் சிதைத்துப் படிக்கும். 'க' என்ற எழுத்தும், ஒன்றைக் குறிக்கும் தமிழ் எண்ணான '௧'-உம் இதே வகைதான்.

ஆகவே இப்படி மீட்ட நூலுக்கு மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் கட்டாயம் தேவை. அவர் கேட்டும் மெய்ப்புப் பார்க்க வேண்டும். பார்வையற்றவரே இந்த வேலையில் பார்வையுள்ளவரைவிடத் துல்லியமாக இருப்பார் என்பது என் கருத்து. உருவ ஒற்றுமை அவரை ஏமாற்றாது.

6. செவி மட்டும் போதுமா?

'இப்போதுதான் எல்லாம் பேசுகிறதே, பிரெயில் எதற்கு?' என்ற கேள்வி பெருகி வருகிறது. தமிழ்க் குரல் நுட்பம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் இந்திய மொழிக் குரல்களை உருவாக்கியிருக்கின்றன. தொலைபேசியில் வரும் தமிழ்க் குரல் முன்புபோல் இரும்பை இழுப்பதாக இல்லை. பழகியவர்கள் அதை மும்மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள்; பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ஆகவே 'தொழில்நுட்பம் இல்லை' என்ற இரண்டாவது விடை இன்று வலுவிழந்துவிட்டது.

ஆனாலும் வாசிப்புக்குச் செவி முழு மாற்றாகாது என்பதற்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. 'அறம்', 'அரம்' இரண்டும் நம் பேச்சில் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கின்றன. தந்நகர, றன்னகர வேறுபாட்டை எந்தக் குரலும் காட்டுவதில்லை. லகர ளகர ழகரத்தை மதுரைப் பேச்சே மயக்கிவிடும். கேட்டு மட்டுமே வளரும் பிள்ளை, சொல்லின் எழுத்தை ஒருநாளும் சந்திப்பதில்லை. தேர்வில் உதவி எழுத்தரிடம் சொல்லலாம், தானே எழுத முடியாது. பிரெயிலில் ரகரமும் றகரமும் விரலுக்கு முற்றிலும் வேறானவை. பள்ளிப் பருவத்தில் பிரெயில் இல்லாத கல்வி எழுத்தறிவைத் தராது. வளர்ந்த வாசகருக்கு, குறிப்பாக நடுவயதில் பார்வை இழந்தவருக்கு, ஒலி பெருந்துணை. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியைக் கூட்டி, கேட்டுக்கொண்டே பார்க்கும் வசதி வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு யூனிகோடுக் கோப்பிலிருந்து கிடைத்துவிடும். எந்த வடிவம் சிறந்தது என்று வழக்காடுவதில் பயனில்லை. மூலக்கோப்பு கிடைத்தால் வாசகரே தமக்கு வேண்டிய வடிவத்தை எடுத்துக்கொள்வார்.

7. சட்டம் தருவதும் தராததும்

பதிப்புரிமைதான் தடை என்ற மூன்றாவது விடையை இனி எடைபோடலாம். 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் வாசிப்பதற்காக எந்த நூலையும் அவர்களுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றவும் பகிரவும் இடம் தருகிறது. பதிப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தனிநபர் செய்யலாம்; இலாப நோக்கின்றி அமைப்புகளும் செய்யலாம். அந்தப் படி பொதுச் சந்தைக்குள் புகாமல் பார்த்துக்கொள்வதே முக்கிய நிபந்தனை. இலாப நோக்கில் செய்ய விரும்புவோர் 31பி பிரிவின்கீழ் உரிமம் பெறலாம். 2013 ஜூனில் மராகேஷ் உடன்படிக்கை கையெழுத்தானது. 2014 ஜூனில் அதை முதன்முதலாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. 2016 ஆகஸ்டில் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் மத்திய அரசின் முயற்சியில் தொடங்கியது. ஆக, 'பதிப்புரிமை தடுக்கிறது' என்பது இன்று தவறான புரிதல்.

ஆனால் இந்தச் சட்டம் மாற்றிக்கொள்ளும் உரிமையைத்தான் தருகிறது. மூலக்கோப்பைக் கொடு என்று பதிப்பாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. பூட்டை உடைத்துக்கொள்ள அனுமதி உண்டு. சாவியைக் கேட்க உரிமை இல்லை. அதனால் ஒவ்வொரு நூலும் மறுபடி வருடலிலும் தட்டச்சிலும் போய் நிற்கிறது. உலகில் வெளியாகும் நூல்களில் பத்தில் ஒரு பங்குகூட ஏற்ற வடிவத்தில் கிடைப்பதில்லை என்று உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் சொல்லி வந்த 'புத்தகப் பஞ்சம்', உரிமை கிடைத்த பிறகும் தீராததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

2016 சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் எல்லாம் எட்டக்கூடிய வடிவத்தில் இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை அரசின்மேல் வைக்கிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில், மின்னணுச் சேவைகளை எட்டும் வாய்ப்பு அரசியலமைப்பின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. சட்டத்தின் திசை தெளிவாக இருக்கிறது. அதைப் பதிப்பகத்தின் வாசலுக்குக் கொண்டுவரும் வழிதான் மிச்சம்.

8. எங்கே தொடங்கலாம்

அந்த வழி தமிழ்நாட்டு அரசின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. 1948-இல் விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாக மாநில அளவில் பொது நூலகச் சட்டம் கண்டது சென்னை மாகாணம். சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்தின் கொடை. அந்தப் பணத்தில்தான் நூலக ஆணைகள் வழியே அரசு நூல்களை வாங்குகிறது. தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் அந்த ஆணையை எதிர்பார்த்தே அச்சுப்படிகளின் எண்ணிக்கையை முடிவு செய்கின்றன. விலை, பக்க அளவு, தாளின் தரம் பற்றியெல்லாம் கேட்கும் அரசு, யூனிகோடில் அமைந்த மூலக்கோப்போ இபப் என்ற மின்னூல் கோப்போ வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். பி.டி.எஃப். கேட்கக் கூடாது, யூனிகோடில் கோத்த நூலிலும் பி.டி.எஃப். ஆகும்போது எழுத்து வரிசை குலைவது உண்டு. கோப்பு வெளியே கசிந்துவிடும் என்ற பதிப்பாளரின் அச்சம் நியாயமானது. பதிவு செய்த வாசகருக்கு மட்டும் வழங்கும் ஏற்பாட்டோடு அரசு நூலகம் அதைப் பொறுப்பேற்றுக் காக்க வேண்டும். 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அச்சுப்படி அனுப்புகிற பதிப்பாளருக்கு, கூடவே ஒரு கோப்பை அனுப்புவது புதிய சுமையாகாது.

இந்த ஏற்பாட்டை எடுத்து நடத்த மதுரையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியில் இருப்பவற்றை மட்டும் ஒருவர் வாசிக்க வேண்டும் என்ற நிலை மாறி, மேல்தளங்களில் அடுக்கியிருக்கும் எந்த நூலையும் அவர் கேட்டுப் பெற முடிய வேண்டும். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருப்பவர் நூலகத்துக்குப் பேருந்து ஏறி வரத் தேவையில்லாமல் தொலைபேசியிலேயே அது கிடைக்க வேண்டும். சுந்தரராஜன்பட்டியில் பிரெயில் அச்சிட்ட அனுபவமும், மதுரைத் திட்டத்தில் ஊர் ஊராக மெய்ப்புப் பார்த்த அனுபவமும் துணைக்கு இருக்கின்றன.

பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அச்சுக்கு அனுப்பும் முன் நூலின் ஒரு பக்கத்தை நகலெடுத்துத் தொலைபேசியில் ஒட்டி, அதைப் பேசவிட்டுக் கேளுங்கள். தமிழாக ஒலிக்கவில்லை என்றால் நூல் இன்னும் முடியவில்லை என்று கொள்ளுங்கள். வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது, வாங்கும் ஒவ்வொரு கடையிலும் 'இந்த நூலுக்கு யூனிகோடுக் கோப்பு இருக்கிறதா?' என்று விசாரியுங்கள். உங்களுக்கு அது தேவைப்படாவிட்டாலும் விசாரியுங்கள்.